தேறி வரும் கைகளுக்கு ஒரு தச்சு வேலை

நோயிலிருந்து மீண்டு வீடு திரும்பியவரிடம் மருந்துச்சீட்டு இருக்கிறது. உணவு அட்டவணை இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கான நாளும் குறிக்கப்பட்டிருக்கிறது. காலைச் சிற்றுண்டிக்கும் மாலைத் தேநீருக்கும் இடைப்பட்ட நீண்ட பொழுதில் என்ன செய்வது என்பதை மட்டும் எந்தச் சீட்டும் சொல்வதில்லை. அதுவரை வீட்டைத் தாங்கி நின்றவர், இப்போது தண்ணீர்க் குவளையைக்கூடப் பிறர் கையிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. உடல் தேறும் வேகத்தில் மனம் தேறாமற்போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பதைப் பராமரிப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய பொழுதுபோக்குகளுள் ஒன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மரத்தையும் இரும்பையும் கொண்டு வீட்டுக்குப் பயன்படும் சிறிய அறைகலன்களைக் கையால் செய்வதே அது. மனத்துக்கும் கைக்கும் நன்மை தரும் வேலை இது. கூர்மையான கருவிகளும் தூசியும் தீப்பொறியும் உள்ள வேலையும்கூட. எனவே இதன் பயனையும், எந்த நோயுள்ளவர் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

மருத்துவமும் தச்சும் சந்தித்த இடங்கள்

கைவேலையை மருத்துவத்தின் ஒரு பகுதியாகக் கொள்வது புதிய எண்ணமன்று. அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்பவர் கட்டடக் கலைஞர். காசநோயால் நெடுங்காலம் துன்புற்ற அவர், பின்னர் உடலின் இடப்பக்கம் செயலிழந்து முடங்கினார். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தம் கைகால்களை மீண்டும் பழக்கினார். 1914ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், நோயிலிருந்து தேறுபவர்கள் வேலை செய்து பழகுவதற்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். 1917 மார்ச்சில் அதே இல்லத்தில் கூடிய சிலர் ஒரு சங்கத்தை நிறுவினர். இன்று நம் மருத்துவமனைகளில் செயல்வழி மருத்துவம் என்று வழங்கும் துறை, ஒரு தொழிலாக உருப்பெற்றது அந்தச் சங்கத்திலிருந்துதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று வேலூரில் இருக்கிறது. மருத்துவர் பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர். படிப்பதற்காக இங்கிலாந்து சென்ற அவர், மருத்துவம் பயில்வதற்கு முன் சில ஆண்டுகள் தச்சும் கொத்தும் கற்றார். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபின், தொழுநோயால் மடங்கி இறுகிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தார். கை திரும்பக் கிடைத்தும் பலருக்குப் பிழைக்க வழியில்லை. ஊரார் வேலை தர மறுத்தனர். எனவே கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவாயிற்று. அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்று, மரப் பொம்மைகள் முதலியவற்றைச் செய்தனர்.

அந்தப் பட்டறை, மருத்துவ உலகுக்கே ஒரு பாடம் கற்பித்தது. தொழுநோய் வந்தால் விரல்கள் தாமே அழுகி உதிர்ந்துவிடும் என்று அதுவரை பலரும் நம்பியிருந்தனர். பட்டறையில் வேலை செய்தவர்களின் கைகளில் புதிய புண்கள் தோன்றியபோது, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடப்பட்டது. கரடுமுரடான கைப்பிடி, சூடான பாத்திரம், தேவைக்கு மேல் அழுத்திப் பிடித்த கருவி எனக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. நோய் விரலைத் தின்னவில்லை. வலி தெரியாத கை தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்தது. நாள்தோறும் கைகளைப் பார்ப்பது, கைப்பிடிகளை மாற்றுவது போன்ற எளிய வழிகளால் புண்களைக் குறைக்க முடிந்தது.

இந்தச் செய்தி தொழுநோயாளிகளோடு முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர்களில் பலருக்குப் பாதத்திலும், சிலருக்கு விரல் நுனிகளிலும் உணர்ச்சி குறைகிறது. அவர்கள் உளியைத் தொடுவதற்கு முன் வேலூர்ப் பட்டறையின் பாடத்தை நினைவில் கொள்ள வேண்டும். இதுபற்றி மேலும் விளக்கமாகப் பின்னர்ப் பார்ப்போம்.

இந்த வேலை உடலிடம் என்ன கேட்கிறது?

பலகையை அளப்பது, கோடு போடுவது, அறுப்பது, இழைப்பது, துளையிடுவது, பூட்டுவது, உப்புத்தாளால் தேய்ப்பது, வண்ணம் பூசுவது எனத் தச்சு வேலையில் பல படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் வேண்டிய வலிமையும் கவனமும் வேறு வேறு. உட்கார்ந்தபடி செய்யக்கூடியவை உண்டு. நின்றுதான் செய்ய வேண்டியவையும் உண்டு. ஆகவே, இன்று முடிந்ததை இன்று செய்து, எஞ்சியதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். பாதியில் நிறுத்திய பலகை கெட்டுப்போவதில்லை. தேறி வரும் உடலுக்கு இது பெரிய வசதி.

பக்கவாதத்திற்குப் பின் ஒரு கை வலுவிழந்தவருக்கு, மேசையோடு பூட்டிய பற்றுக்குறடு இன்னொரு கையாக உதவும். பலகையை அது இறுகப் பிடித்துக்கொள்ள, நல்ல கை உப்புத்தாளை ஓட்டலாம். வலுவிழந்த கையை நல்ல கையின்மேல் வைத்து இரண்டையும் சேர்த்து முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லிச் செயல்வழி மருத்துவர்கள் பயிற்சி தருவதும் உண்டு. மூட்டுவாதத்தால் விரல்களை இறுக மடக்க இயலாதவர்கள், கருவிகளின் கைப்பிடியில் துணியோ மிதிவண்டிக் கைப்பிடி ரப்பரோ சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம். பிடி தடித்தால், அதை இறுக்கிப் பிடிக்க விரல்களுக்கு வேண்டிய விசை குறையும்.

எவ்வளவு நேரம் செய்யலாம் என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. வேலையை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆன பின்னும் மூட்டுவலி கூடுதலாகவே இருந்தால், அன்றைய வேலை அளவுக்கு மிஞ்சியது என்று பொருள். அடுத்த நாள் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் 20 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு என்ற கணக்கு பெரும்பாலோருக்குப் போதுமானது.

மரம் ஒரு குணம், இரும்பு ஒரு குணம்

பழைய தச்சர்கள் மரத்தை உயிருள்ளதாகவே பேசுவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அறுத்துக் காயவைத்துப் பல ஆண்டுகள் ஆன பலகையும் மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும்; கோடையில் ஈரத்தை இழந்து சுருங்கும். இந்த மாற்றம் ரேகை ஓடும் நீளவாக்கில் ஏறக்குறைய இல்லை, அகலவாக்கில்தான் நிகழும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையில் இது இரண்டு மூன்று மில்லிமீட்டர்வரை இருக்கலாம். இரும்பு அப்படியன்று, ஈரத்தால் அது உப்புவதில்லை, துருப்பிடிக்கவே செய்யும்.

இரண்டையும் சேர்த்து அறைகலன் செய்பவர் அறிய வேண்டிய முதற்செய்தி இதுதான். பலகையை இரும்புச் சட்டத்தோடு அசையாமல் முடுக்கிவிட்டால், சுருங்க இடமில்லாத பலகை கோடையில் பிளந்துவிடும். எனவே சட்டத்தில் இடும் துளைகளை வட்டமாக இடாமல், பலகையின் அகலவாக்கில் சற்றே நீள்துளையாக அராவிக்கொள்ள வேண்டும். திருகாணி அந்த நீள்துளைக்குள் சிறிது நகரும். பலகைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். தலை அகன்ற திருகாணியும் அதற்கடியில் ஒரு வாஷரும் இருந்தால் பிடிப்பும் குறையாது.

எந்த மரம் என்ற கேள்வி எழும். தேக்கு நிலைத்து நிற்கும்; கரையான் எளிதில் அண்டாது; ஆனால் விலை அதிகம். வேம்பு, பூவரசு, பலா, மா ஆகியவை நம் ஊர் மரக்கடைகளில் கிடைப்பவை. தொடக்கக்காரருக்கு இவை போதும். நன்கு காய்ந்த பலகைதானா என்று கேட்டு வாங்குவது முக்கியம். சில மரங்களின் தூள் சிலருக்கு ஒவ்வாது. வாகை மரத்தூள் தும்மலை எழுப்பும். ஈட்டி மரத்தூளும் தேக்குத்தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். ஆஸ்துமா அல்லது தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் இதை முன்கூட்டியே நினைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் கிடக்கும் பழைய கதவு, சன்னல் பலகைகளைப் பயன்படுத்தும் ஆசையும் வரும். அவற்றின்மேல் பழைய வண்ணப்பூச்சு இருந்தால் அதை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. தேய்த்தால் எழும் தூள் வீடெங்கும் படியும். தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு.

முதலில் செய்யத்தக்கது: வாசலோர இருக்கை

எதைச் செய்வது என்பதற்கு விடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நடந்து செல்லும்போது எங்கே சுவரைப் பிடிக்கிறீர்கள், எங்கே குனியச் சிரமப்படுகிறீர்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பல வீடுகளில் அந்த இடம் வாசற்படியோரமாக இருக்கும். ஒரு காலில் நின்றுகொண்டு மற்றக் காலுக்குச் செருப்பு மாட்டும்போதுதான் முதியவர்கள் தடுமாறுகிறார்கள். அங்கே உறுதியான ஓர் இருக்கை இருந்தால், உட்கார்ந்து செருப்பு அணியலாம். நீரிழிவு உள்ளவர் வெளியே சென்று திரும்பியதும் அதே இருக்கையில் அமர்ந்து உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

இருக்கையின் உயரம் உட்காரப் போகிறவரைப் பொறுத்தது. அவரை ஒரு நாற்காலியில் அமரச் செய்து, பாதம் தரையில் முழுவதும் படிய, முழங்காலை நேர்கோணத்தில் மடக்கி, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். எழுந்திருக்கச் சிரமப்படுபவருக்கு அந்த அளவோடு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு, முழங்காலைவிட இடுப்பு தாழ்ந்துவிடாதபடி இருக்கை உயரமாக இருக்க வேண்டும். அந்த அளவை உங்கள் இயன்முறை மருத்துவரிடமே கேட்டுப் பெறுங்கள்.

எடுத்துக்காட்டாக, 45 சென்டிமீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம் உள்ள இருக்கையைக் கொள்வோம். மேற்பலகை 2.5 சென்டிமீட்டர் கனம். அதைத் தாங்க 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாயால் ஒரு சட்டம். நான்கு கால்களும் மேற்சட்டமும் பக்கக் குறுக்குகளும் சேர்ந்து ஏறக்குறைய நாலேகால் மீட்டர் குழாய் வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள குழாயானால் சட்டம் மட்டும் 6 கிலோவை எட்டும். பலகையோடு சேர்த்து முழு இருக்கை 10 கிலோ அளவில் இருக்கும். இந்த எடை இருக்கைக்கு நல்லது. உட்காரும்போது அது சறுக்காது, சாயாது. இதய அறுவை முடிந்து சில வாரங்களே ஆனவர் இதைத் தூக்கக் கூடாது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

சட்டத்தை நீங்களே பற்றவைக்க வேண்டியதில்லை. அளவுகளை ஒரு தாளில் தெளிவாக வரைந்து, அருகிலுள்ள வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் வெட்டிப் பற்றவைத்துத் தருவார்கள். அளந்து வரைவதும் அவர்களுக்கு விளக்குவதும் உங்கள் வேலை. சட்டம் வந்ததும் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். தரையில் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துச் செந்நிறத் துருத்தடுப்புப் பூச்சு ஒரு முறையும், அது காய்ந்தபின் எனாமல் வண்ணம் இரு முறையும் பூசுங்கள். கால்களின் அடியில் ரப்பர் மூடிகளைச் செருகுங்கள்; ஈரத் தரையில் இரும்பு வழுக்கும்.

மேற்பலகையை மூன்று துண்டுகளாக, இடையில் சிறு இடைவெளி விட்டுப் பூட்டினால் அறுப்பதும் இழைப்பதும் எளிது. விளிம்புகளையும் முனைகளையும் இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் நன்றாக உருட்டுங்கள். இரத்த ஓட்டம் குறைந்த காலில் ஒரு கூர்முனை இடித்தால் ஆறாப் புண்ணாகலாம் என்பதால், இந்த இருக்கையில் அழகைவிட மழுங்கிய முனைகளே முக்கியம். முதலில் 80ஆம் எண், பிறகு 120, இறுதியாக 220ஆம் எண் உப்புத்தாள் என்று படிப்படியாகத் தேய்த்தால் பலகை கையில் வழுக்கும்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் காயும்போது உண்டாகும் வெப்பம் உள்ளுக்குள் தேங்கித் துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். துணியை வெளியில் விரித்துக் காயவைத்த பின்னரோ, தண்ணீரில் நனைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

யாருக்கு எந்த எச்சரிக்கை?

நீரிழிவு உள்ளவர்கள்: வேலைக்கு முன் உணவை ஒத்திப்போடாதீர்கள். இன்சுலின் செலுத்திக்கொள்பவர்கள் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இனிப்பு ஏதேனும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் தோன்றினால் கருவியை உடனே கீழே வையுங்கள். மூடிய காலணி இல்லாமல் பட்டறையில் நிற்காதீர்கள். வேலை முடிந்து கை கழுவியதும் வெளிச்சத்தில் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சிவந்த இடம், சூடான இடம், கொப்புளம், சிராய் ஏறிய இடம் இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கவில்லை என்பதால் காயமில்லை என்று கொள்ளலாகாது.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள்: வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை உட்கொள்பவருக்குச் சிறு வெட்டுக் காயமும் நெடுநேரம் கசியும். உளி, வாள் ஆகியவற்றைவிட உப்புத்தாளும் வண்ணத் தூரிகையும் இவர்களுக்கு ஏற்றவை. காயம்பட்டால் சுத்தமான துணியால் அழுத்தி, இடையில் எடுத்துப் பாராமல் 10 நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னும் கசிந்தால் மருத்துவமனைக்கு வாருங்கள். வேலை செய்வதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது.

இதய அறுவை செய்துகொண்டவர்கள்: நெஞ்செலும்பு முழுவதும் பொருந்தும்வரை எடை தூக்குவதும், வாளை வலிந்து இழுப்பதும், இழைப்புளியை மார்பால் அழுத்தித் தள்ளுவதும் கூடா. அளப்பது, வரைவது, வண்ணம் பூசுவது ஆகியவற்றை எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை மருத்துவரே சொல்ல வேண்டும். இதயத் துடிப்பு முடுக்கி பொருத்தப்பட்டவர்கள் மின்வில் பற்றவைப்பை மருத்துவரின் அனுமதியின்றிச் செய்யவோ, அதன் அருகில் நிற்கவோ கூடாது. அதன் மின்காந்தப் புலம் முடுக்கியின் இயக்கத்தில் குறுக்கிடக்கூடும்.

இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்கள்: இரத்தநாள இணைப்பு உள்ள கைக்கு அடியோ அழுத்தமோ நேரக் கூடாது. சுத்தியலை அந்தக் கையால் பிடிக்காதீர்கள். இறுகிய கைப்பட்டையும் அணியாதீர்கள்.

புற்றுநோய் மருத்துவம் பெறுபவர்களும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும்: இவர்களின் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும். ஈரத்தில் கிடந்த மரத்திலும் மரத்தூளிலும் இருக்கும் பூஞ்சை, நலமானவருக்கு ஒன்றும் செய்யாது; இவர்களின் நுரையீரலைத் தாக்கக்கூடும். அறுத்தல், தேய்த்தல் ஆகியவை நடக்கும் இடத்திலிருந்து மருத்துவர் சொல்லும் காலம்வரை இவர்கள் விலகியே இருக்க வேண்டும். வடிவம் வரைவதிலும் அளவு குறிப்பதிலும் பங்கேற்கத் தடையில்லை.

வலிப்பு நோய் உள்ளவர்கள், தூக்கம் வரவழைக்கும் மருந்து உட்கொள்பவர்கள், பக்கவாதத்திற்குப் பின் ஒரு பக்கப் பார்வை குறைந்தவர்கள்: சுழலும் பொறி எதையும் இவர்கள் தொடலாகாது.

வீட்டில் உயிர்வளி ஏற்றிக்கொள்பவர்கள்: உயிர்வளி உள்ள அறையிலும் அதன் அருகிலும் இரும்பை அராவும் பொறியோ, பற்றவைப்போ, எவ்வகைத் தீப்பொறியோ இருக்கவே கூடாது. உயிர்வளி செறிந்த காற்றில் துணியும் முடியும் நொடியில் பற்றிக்கொள்ளும்.

தூசி, புகை, வெளிச்சம்

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை 1995இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பற்றவைப்புப் புகையையும் 2017இல் அதே வகையில் வைத்தது. இம்முடிவுகள் பெரும்பாலும் பல ஆண்டுகள் நாள்தோறும் பட்டறையில் உழைத்தவர்களை ஆராய்ந்து எட்டப்பட்டவை. வாரத்தில் சில மணி நேரம் வேலை செய்பவர் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் அலட்சியமும் கூடாது. திறந்த வெளியிலோ காற்றோட்டமுள்ள முற்றத்திலோ வேலை செய்யுங்கள். முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசம் அணியுங்கள். தோளில் கிடக்கும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. தூசியை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகையை உள்ளிழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் குளிரும் உடல்வலியும் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்றாலும், நுரையீரல் நோயுள்ளவருக்கு இது பெருந்துன்பமாகும். பற்றவைப்பின் வெளிச்சத்தைக் கவசமின்றிப் பார்த்தவருக்கு அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் கண் முழுமையாக ஆறும்வரை தூசி பறக்கும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி இன்றித் துளையிடவோ அராவவோ கூடாது.

வேட்டி, துப்பட்டா, புடவைத் தலைப்பு, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைச் சுழலும் பொறி நொடியில் இழுத்துவிடும். கையுறை பலகை தூக்கும்போது நல்லது; துளைப்பொறியை இயக்கும்போது கையுறையே ஆபத்து. கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். 10 ஆண்டுகள் கடந்திருந்தால் வேலையைத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பவர்களுக்கு

இந்த வேலையில் உங்களுக்கும் இடம் உண்டு. நோயாளியால் செய்ய முடியாதவற்றை மட்டும் நீங்கள் செய்யுங்கள். முடிந்ததை அவரிடமே விடுங்கள். கோடு சற்றுக் கோணலாகிவிட்டால் பிடுங்கித் திருத்த வேண்டாம்; அவர் கேட்டால் மட்டும் உதவுங்கள். நாள் முழுவதும் அவருக்கு எடுத்துக்கொடுத்துப் பழகிய உங்களுக்கு இது கடினமாகத்தான் இருக்கும். ஒருவருக்கொருவர் மருந்து, உணவு, வலி என்பவற்றைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேச இந்த வேலை வாய்ப்புத் தருகிறது. "மூலை சரியாகப் பொருந்துகிறதா, பாருங்கள்" என்று அவர் கேட்கும்போது, வீட்டின் பழைய உரிமைக்குரல் திரும்பி வந்திருப்பதை நீங்களே உணர்வீர்கள்.

நோயாளி படுக்கையிலேயே இருந்தால், அவருக்காக நீங்களும் செய்யலாம். சக்கர நாற்காலி படிகளைக் கடக்க ஒரு சாய்தளம் தேவையா? ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பொதுவான கணக்கு. 10 சென்டிமீட்டர் படிக்கு 120 சென்டிமீட்டர் நீளச் சாய்வு வேண்டும். இதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுபவருக்கும் சுமை, அமர்ந்திருப்பவருக்கும் அச்சம். கழிப்பறைக் கைப்பிடியை மட்டும் தேர்ந்தவரைக் கொண்டே சுவரில் பொருத்துங்கள். வழுக்கும் நேரத்தில் ஒருவரின் முழு எடையையும் தாங்க வேண்டிய பொருள் அது.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்

அடுத்த முறை வரும்போது இக்கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.

1. நான் எத்தனை கிலோவரை தூக்கலாம்? எந்த நாளிலிருந்து?
2. என் விரல்களிலும் பாதங்களிலும் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வீர்களா?
3. நான் உட்கொள்ளும் மருந்துகளில் இரத்தக்கசிவையோ தூக்கத்தையோ உண்டாக்குபவை எவை?
4. மரத்தூசி, வண்ணத்தின் நெடி ஆகியவற்றை என் நுரையீரல் தாங்குமா?
5. டெட்டனஸ் ஊசி இப்போது தேவையா?
6. செயல்வழி மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ என்னை அனுப்புவீர்களா?

இவற்றுக்கு விடை கிடைத்தபின், பெரிய கருவிகளை வாங்கிக் குவிக்க வேண்டாம். ஓர் அளவுநாடா, ஒரு மூலைமட்டம், ஒரு பென்சில், நான்கைந்து உப்புத்தாள்கள் போதும். வாசலில் அமரப் போகிறவரின் முழங்கால் உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். அதற்கு மருத்துவரின் அனுமதியும் தேவையில்லை; இன்றைக்கே செய்யலாம்.